வேன் சீட்டோட முதுகை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க

கடலூர் திருப்பாப்புலியூர்ல எங்களுக்கு குஷன் கடை. அப்பா லாரி சீட்டும் டவுன் பஸ் சீட்டும் தச்சவர், இப்ப என் கையில கார் சீட் கவர், ஆட்டோ, ஸ்கூல் வேன்னு எது வந்தாலும் ஓடுது. கடைக்கு வர்றவங்கள்ல முக்காவாசி பேர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே நல்லா மெத்துனு போட்டுக் குடுங்க". கையால அமுக்கிப் பாப்பாங்க, உள்ள போச்சுன்னா சந்தோஷம். ஸ்கூல் வேன் வெச்சிருக்கறவங்களும் அதையே தான் கேக்கறாங்க, பிள்ளைங்க ஒக்காந்தா வலிக்கக் கூடாதுன்னு. அது நல்ல எண்ணம் தான், குறை சொல்லல. ஆனா ஒக்கார்றதுக்கு மெத்துனு இருக்கறது ஒரு விஷயம், வண்டி டமால்னு நின்னா அந்தப் பிள்ளையோட தலை எதுல போய் மோதுதோ அது எப்டி இருக்கணும்ங்கறது முழுக்க வேற விஷயம். இந்த ரெண்டாவதை யாரும் கேக்கறதே இல்ல. அதனால நானே எழுதிடலாம்னு ஒக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பிள்ளைங்கள வேன்ல அனுப்பறவங்க பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். 2025 ஜூலை 8 காலைல செம்மங்குப்பம் கேட்ல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க போனது எங்க ஊர்ல யாருக்கும் மறக்காது. அதுக்கப்புறம் சில வேன்காரங்க கடைக்கு வந்து, பெத்தவங்க கேக்கறாங்கண்ணே, வண்டியை கொஞ்சம் சேஃப்டியா பண்ணிக் குடுங்கன்னு கேட்டாங்க. அவங்ககிட்ட சொன்னதையே இங்கயும் சொல்றேன், ரயில் முன்னாடி எந்தக் கம்பியும் எந்தக் குஷனும் நிக்காது, அதைத் தடுக்க வேண்டிய இடம் வேற. நான் பேச வர்றது தெனம் நடக்கறது. ரெட்டிச்சாவடி பக்கம் மாடு குறுக்க வந்து போட்ற சடன் பிரேக்கு, தவளக்குப்பம் சந்திப்புல பைக்காரனுக்காக வண்டியை ஒடிச்சு முன்னாடி நிக்கற லாரியில முட்றது, மழைக்காலத்துல பாகூர் ரோட்ல சைடு எறங்கி வாய்க்கால்ல சாயறது. இதுலெல்லாம் உள்ள இருக்கறவங்களுக்கு அடி படறதும் படாததும் பெரும்பாலும் சீட்டையும் கம்பியையும் பொறுத்தது, அது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால பேசலாம்.

ஒரு பழைய வேன் சீட்டைப் பிரிச்சா உள்ள என்ன இருக்கும்னு சொல்றேன். மேல ரெக்ஸின், ஓரத்துல பைப்பிங் தச்சிருக்கும், வெயில்ல காஞ்சு விரிஞ்சிருக்கும். அதைக் கிழிச்சா ஒக்கார்ற எடத்துல நல்ல தடியா ஃபோம், சிலதுல கீழ கயறு நார் ஷீட்டு, அதுக்கும் கீழ ப்ளைவுட். சரி. இப்ப முதுகுப் பக்கம் வாங்க. சாயற பக்கம் ஒரு ஒன்றரை அங்குலம் ஃபோம் இருக்கும். அதோட பின்பக்கம், அதாவது பின்னாடி ஒக்கார்ற பிள்ளையோட மூஞ்சிக்கு நேரா வர்ற பக்கம், அங்க வெறும் அட்டையோ ப்ளைவுட்டோ வெச்சு மேல ரெக்ஸினை இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சிருப்பாங்க. மேல் விளிம்புல ஒரு ஸ்கொயர் பைப்பு ஓடும், அது மேல அரை அங்குலம் ஃபோம் கூட இருக்காது, நாள்பட நாள்பட அது மாவாப் போயிருக்கும், வெரலை வெச்சு அமுக்கினா நேரா இரும்பு தட்டும். சில வண்டியில பிடிச்சுக்கறதுக்குன்னு அதுக்கு மேல இன்னொரு கம்பி வளைச்சு வெல்டு வெச்சிருப்பாங்க, துணி கூட சுத்தாம. அஞ்சாவது ஆறாவது படிக்கற பிள்ளை ஒக்காந்தா அந்தக் கம்பி சரியா வாய்க்கு நேரா வரும். புதுச்சேரி கடலூர் டவுன் பஸ்ல போறவங்களுக்கு நான் வெளக்கவே வேண்டாம், பிரேக் போட்டதும் முன்சீட்டுக் கம்பியில வாய் இடிச்சு ஒதடு கிழிஞ்சு ரத்தத்தோட எறங்கற ஆளை ஒரு தடவையாவது பாத்திருப்பீங்க. அது வெறும் பிரேக்குக்கே. மோதினா?

இங்க கொஞ்சம் கணக்கு பாக்கணும், பயப்படாதீங்க, எட்டாவது படிச்ச கணக்கு தான். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா உள்ள இருக்கற பிள்ளையும் அதே 40ல தான் போகுது. வண்டி நின்னுடும், பிள்ளை நிக்காது, எதாவது தடுக்கற வரைக்கும் போயிட்டே இருக்கும். 40 கிலோமீட்டர் வேகம்ங்கறது ஆறு மீட்டருக்கு மேல உசரத்துல இருந்து, கிட்டத்தட்ட ரெண்டு மாடி மேலருந்து கீழ விழுந்தா தரையைத் தொடும்போது இருக்கற வேகம். மாடியில இருந்து பிள்ளை விழுதுன்னா நாம எப்டிப் பதறுவோம், வேன்ல சும்மா ஒக்காந்திருக்கறப்ப அந்த வேகம் நம்ம கண்ணுக்கே தெரியறதில்ல.

இப்ப தலை சீட்டு முதுகுல மோதுதுன்னு வெச்சுக்குங்க, ஒரு 20 கிலோமீட்டர் வேகத்துல. அந்த வேகம் முழுசா பூஜ்யமாகறதுக்கு எவ்ளோ தூரம் கெடைக்குதுங்கறது தான் எல்லாமே. 1 சென்டிமீட்டர்ல நின்னுச்சுன்னா தலைக்கு புவியீர்ப்பு மாதிரி 150 மடங்குக்கு மேல அடி. அதே வேகம் 5 சென்டிமீட்டர்ல நின்னா சுமார் 30 மடங்கு தான். அடிச்ச வேகம் ஒண்ணு, தலை ஒண்ணு, நடுவுல இருக்கற நாலு சென்டிமீட்டர் தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவுல காருக்குள்ள இருக்கற டேஷ்போர்டு, சீட்டு முதுகு இதுக்கெல்லாம் 1968லயே ஒரு விதி கொண்டு வந்தாங்க, எஃப்எம்விஎஸ்எஸ் 201னு பேரு. தலை மாதிரி ஒரு குண்டை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்துல மோத விடுவாங்க, அது படற அதிர்ச்சி 80 மடங்கைத் தாண்டி தொடர்ச்சியா 3 மில்லிசெகண்டுக்கு மேல இருக்கக் கூடாது. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், அந்த வேகத்துல 80 மடங்குக்குள்ள நிறுத்தணும்னா எல்லாமே கச்சிதமா நடந்தா கூட கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நகர்றதுக்கு எடம் வேணும். ஃபோம் அதோட முழுத் தடிமனுக்கும் நசுங்காது, முக்கால்வாசி போறதுக்குள்ள கல்லு மாதிரி இறுகிடும். அப்ப குறைஞ்சது 4, 5 சென்டிமீட்டர் சரியான ஃபோம் வேணும், இல்லேன்னா பின்னாடி இருக்கற தகடு வளைஞ்சு குடுத்து அந்த எடத்தை ஈடு கட்டணும். நம்ம வேன்ல அரை அங்குல ஃபோமும் அதுக்குப் பின்னாடி வளையாத ஸ்கொயர் பைப்பும் இருக்கு. அவ்ளோதான் சொல்றேன்.

சரி அப்ப தடியா ஃபோம் போட்டா போதுமான்னு கேட்டா, எந்த ஃபோம்ங்கறது அடுத்த கேள்வி. கடையில நாம வாங்கற சாதா யூ ஃபோம் இருக்கே, மஞ்சளா வெள்ளையா, 32 டென்சிட்டி 40 டென்சிட்டின்னு, அது ஒக்கார்றதுக்குன்னு செஞ்சது. மெதுவா அமுக்கினா தாங்கும், படக்குனு தலை வந்து மோதினா சல்லுனு அமுங்கி அடி தட்டிடும், அப்புறம் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளவும் செய்யும். மோதலுக்குன்னு செய்ற ஃபோம் வேற மாதிரி, அது நசுங்கும்போது சக்தியைத் தின்னுடும், திருப்பிக் குடுக்காது. ஹெல்மெட்டைப் பிரிச்சுப் பாருங்க, துணிக்கு அடியில இருக்கறது கெட்டியான தெர்மகோல் தான், அது நசுங்கி நாசமாகறதே அதோட வேலை, அதனால தான் ஒரு தடவை பலமா அடி வாங்கின ஹெல்மெட்டைத் தூக்கிப் போடச் சொல்றாங்க. கார் பம்பருக்கு உள்ள, கதவு பேனலுக்கு உள்ள எல்லாம் வர்றது ஈபிபினு கருப்பா இருக்கற ஃபோம், அது நசுங்கி மெதுவா பழைய நெலைக்கு வரும், கொஞ்சம் அடி தாங்கும். நான் வேன் சீட்டு முதுகுக்கு இப்ப பண்றது ரெண்டு லேயர். இரும்புப் பக்கம் கெட்டியான ரீபாண்ட் (துண்டு ஃபோமை எல்லாம் ஒட்டி அழுத்தினது) இல்லேன்னா ஈவிஏ ஷீட்டு (ரப்பர் மாதிரி கெட்டியான ஃபோம்), அதுக்கு மேல சாதா ஃபோம். ரீபாண்ட் ஒண்ணும் லேப்ல டெஸ்ட் பண்ணின சரக்கு இல்ல, அதை நான் மறைக்க மாட்டேன், ஆனா வெறும் பைப்புல மோதறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு, நெருப்பு. சாதா ஃபோம் பத்திக்கிச்சுன்னா ரொம்ப வேகமா எரியும், வர்ற புகை தான் மொதல்ல ஆளைச் சாய்க்கும். வண்டிக்குள்ள போட்ற சாமானுக்கு எரியற வேகம் நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்க விதி 302 சொல்லுது, நம்ம ஊர்லயும் ஐஎஸ் 15061னு இதுக்கு ஸ்டாண்டர்டு இருக்கு. கட்டில் மெத்தையில மிச்சமான துண்டை எல்லாம் வேன் சீட்டுக்குள்ள திணிக்காதீங்க. கடைக்காரர்கிட்ட வண்டிக்குப் போட்ற ஃபோம் தானான்னு கேளுங்க, பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க.

ஸ்கூல் பஸ் சீட்டுங்கறதையே பாதுகாப்புக் கருவியா யோசிச்சவங்கன்னா அமெரிக்காக்காரங்க தான். 1960கள்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல, லாஸ் ஏஞ்சலஸ்ல, நெஜ பஸ்ஸையே மோத விட்டு பாத்து சீட்டு முதுகு ஒசரமா இருக்கணும்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் 1977 ஏப்ரல்ல எஃப்எம்விஎஸ்எஸ் 222னு ஒரு விதி அமலுக்கு வந்துச்சு. யோசனை ரொம்ப எளிமையானது. பிள்ளைங்க பெல்ட் போட்டாலும் போடாட்டாலும், முன்சீட்டோட முதுகு ஒசரமா, முன்னும் பின்னும் ஃபோம் போத்தி, பக்கத்து பக்கத்துல இருந்துச்சுன்னா, மோதல்ல பிள்ளை ரொம்ப தூரம் பறக்கறதுக்கு முன்னாடியே அந்த முதுகுல போய்ச் சாஞ்சுடும். அந்த முதுகும் உள்ள இருக்கற எஃகுச் சட்டத்தோட முன்பக்கமா மெதுவா வளைஞ்சு அந்த வேகத்தை வாங்கிக்கும், ஒடைஞ்சும் போகாது, தரையை விட்டுப் பிடுங்கிக்கவும் கூடாது. ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருக்கற எடம் 61 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு அளவு வெச்சாங்க. மொத வரிசைக்கு முன்னாடி சீட்டு இல்லாததால அங்கயும் ஃபோம் போத்தின ஒரு தடுப்பு கட்டாயம். முதுகோட ஒசரம் மொதல்ல 20 அங்குலம்னு வெச்சிருந்தாங்க, 2008ல விதியைத் திருத்தி 24 ஆக்கினாங்க.

ஆனா இதுல ரெண்டு விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். ஒண்ணு, பக்கவாட்டுல இடிச்சாலோ வண்டி உருண்டாலோ இந்த சீட்டு ஏற்பாடு போதாதுன்னு அங்க விபத்தெல்லாம் ஆராயற என்டிஎஸ்பியே 1999ல சொல்லிடுச்சு. ரெண்டாவது, சின்ன வண்டிக்கு இது பத்தாது. பெரிய பஸ்ஸு கனமா இருக்கும், கார்ல மோதினா உள்ள அதிர்ச்சி கம்மி, சின்ன வேனு லாரியில மோதினா மொத்த அடியும் வேன் மேல தான் எறங்கும். அதனால நாலரை டன்னு, அதுக்குக் கீழ எடை இருக்கற ஸ்கூல் வண்டிக்கு அங்க ஆரம்பத்துலருந்தே பெல்ட் கட்டாயம், இப்ப தோள் மேல போற பெல்ட்டே வேணும். நம்ம ஊர் தெருவுல பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற வண்டி எல்லாமே இந்த சின்ன வகை தான். குஷன் கடைக்காரன் நானே சொல்றேன், சின்ன வேன்ல பெல்ட்டுக்குப் பதிலா குஷன் ஆகாது, பெல்ட் போட்டதுக்கப்புறம் தலையும் முட்டியும் போய்த் தட்ற எடத்துக்குத் தான் குஷன்.

அப்புறம் அந்த நீளவாட்டு பெஞ்சு. சைடுல சைடுல எதிரெதிரா ரெண்டு பெஞ்சு போட்டு பிள்ளைங்கள வரிசையா ஒக்கார வெக்கறது. நெறைய பேர் அடக்கலாம்னு போட்றாங்க. இதுல மேல சொன்ன எதுவுமே வேலை செய்யாது. வண்டி நின்னா பிள்ளைங்க முன்னாடி சாயறதுக்கு எந்த முதுகும் இல்ல, பக்கத்துல இருக்கற பிள்ளை மேல சரிஞ்சு, அது அடுத்த பிள்ளை மேல சரிஞ்சு, கடைசில டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒக்காந்திருக்கற பிள்ளை மேல எல்லாரோட எடையும் சேர்ந்து எறங்கும். அந்த மாதிரி பெஞ்சு தச்சுக் குடுன்னு யார் வந்தாலும் நான் எடுக்கறதில்ல, எவ்ளோ பெரிய ஆர்டரா இருந்தாலும்.

இப்ப இரும்புக்கு வர்றேன். வில்லியனூர் மண் பொம்மையை வைக்கோல் வெச்சுப் பொட்டியில அடுக்கி அனுப்புவாங்கள்ல, பொட்டி நசுங்கிச்சுன்னா உள்ள எவ்ளோ வைக்கோல் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வண்டிக்கும் அதே தான், ஆள் ஒக்கார்ற எடம் மொதல்ல எடமா நிக்கணும், அப்புறம் தான் ஃபோம் பத்திப் பேச்சு. பஸ்ஸுக்கு இதை எப்டி டெஸ்ட் பண்றாங்கன்னா, வண்டியை ஒரு மேடை மேல நிறுத்தி மெதுவா சாய்ப்பாங்க, அது 800 மில்லிமீட்டர் கீழ இருக்கற கான்கிரீட் தரையில பக்கவாட்டுல விழும். விழுந்ததுக்கப்புறம் ஆளுங்க ஒக்கார்ற எடம்னு முன்னாடியே கோடு போட்டு வெச்ச பகுதிக்குள்ள தூணோ கூரையோ எதுவும் நுழைஞ்சிருக்கக் கூடாது. ஐரோப்பாவுல ஆர்66னு சொல்வாங்க, நம்ம நாட்ல ஏஐஎஸ் 031. டிரைவரை விட்டுட்டு 13 பேரோ அதுக்கு மேலயோ ஏத்தற வண்டிக்குத் தான் ஏஐஎஸ் 052ங்கற பஸ் பாடி விதி, ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனியா ஏஐஎஸ் 063 இருக்கு. அதனால வண்டியை வாங்கினதுக்கப்புறம் ஜன்னலைப் பெருசாக்கறேன், நடுத் தூணை எடுத்துட்டு கதவு வெக்கறேன்னு கட்டிங் மிஷினை எடுக்காதீங்க. சும்மா நிக்கற மாதிரி தெரியற ஒவ்வொரு தூணும் கூரையைத் தாங்கற கணக்குல சேர்ந்தது.

தரையைப் பத்தி தனியா சொல்லணும். 2012 ஜூலைல தாம்பரம் பக்கம் ஓடிட்டு இருந்த ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா ஆறு வயசுப் பொண்ணு விழுந்து அந்த பஸ் சக்கரத்துலயே போயிடுச்சு. ஐகோர்ட்டே தானா கேஸை எடுத்துச்சு, அதே வருஷம் தமிழ்நாட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. நான் அப்பலேர்ந்து எந்த வண்டி வந்தாலும் மொதல்ல தரை மேல விரிச்சிருக்கற ரப்பர் மேட்டைத் தூக்கிடுவேன். நம்ம ஊர் கடலோரம், உப்புக்காத்து, தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்தற வண்டியெல்லாம் அடியில எப்டித் துருப் பிடிக்குதுன்னு டிங்கரிங் பண்றவங்களைக் கேளுங்க. மேட்டுக்கு அடியில தண்ணி தங்கி, பிள்ளைங்க கொட்ற ஜூஸ் தங்கி, செக்கர்ட் ப்ளேட்டு பப்படம் மாதிரி ஆகியிருக்கும், மேல பாத்தா பளபளன்னு புது மேட்டு.

அந்தத் தரையில தான் சீட்டுக் கால் நிக்குது. சீட்டுக் காலை எப்டிப் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க. நல்ல வேலைன்னா தரைக்கு அடியில ஒரு இரும்பு ப்ளேட்டு வெச்சு, போல்ட்டு அது வழியா போயி நட்டும் வாஷரும் போட்டு இறுக்கியிருக்கும், முடிஞ்சா அந்த ப்ளேட்டு வண்டியோட குறுக்குச் சட்டத்தோட சேர்ந்திருக்கும். மோசமான வேலைன்னா செல்ஃப் ஸ்க்ரூ. நாலு செல்ஃப் ஸ்க்ரூவை ப்ளைவுட்டுல எறக்கிட்டு மேல மேட்டைப் போட்டு மூடிடுவாங்க, ஒக்காந்து ஆட்டினா கூட ஆடாது, யாருக்கும் தெரியாது. கொஞ்சம் யோசிங்க, மூணு பிள்ளைங்க பின்னாடியிலருந்து அந்த முதுகுல வந்து விழுந்தா, ஆளுக்கு 25, 30 கிலோன்னாலும், இருபது மடங்கு அதிர்ச்சின்னா அந்தக் காலுல எறங்கற பாரம் ஒன்றரை டன்னுக்கு மேல. நாலு செல்ஃப் ஸ்க்ரூ என்ன பண்ணும். சீட்டே பிடுங்கிட்டு முன்வரிசைப் பிள்ளைங்க முதுகு மேல போய் விழும், அதுல எத்தனை அங்குலம் ஃபோம் இருந்தா என்ன. எங்க கடையில ஃபோம் வெட்றதுக்கு முன்னாடி ஸ்பேனர் எடுக்கறது இதுக்குத்தான்.

இந்த அறிவெல்லாம் மனுஷங்களுக்கு சும்மா வந்துடல. 1930கள்ல டெட்ராய்ட்ல கிளேர் ஸ்ட்ரெய்த்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், கார் விபத்துல மூஞ்சி கிழிஞ்சு வர்றவங்களைத் தச்சுத் தச்சு நொந்து போயி, டேஷ்போர்டுல துருத்திட்டு இருக்கற குமிழையும் கம்பியையும் எடுங்க, மேல மெத்தை போடுங்கன்னு கார் கம்பெனிங்ககிட்ட சண்டை போட்டார், தன்னோட கார்ல தானே மெத்தை வெச்சுக்கிட்டார். ஹியூ டிஹேவன்னு ஒருத்தர் 1917ல விமானம் ஓட்டக் கத்துக்கும்போது விழுந்து பொழச்சவர், ஏன் பொழச்சோம்ங்கற கேள்வியை விடவே இல்ல, 1942ல 50 அடியிலருந்து 150 அடி வரைக்கும் ஒசரத்துல இருந்து விழுந்தும் உயிரோட இருக்கறவங்களைப் பத்தி ஆராஞ்சு எழுதினார். விழற எடம் கொஞ்சம் அமுங்கிக் குடுத்தா, அடி உடம்புல பரவலா விழுந்தா மனுஷ உடம்பு நாம நெனைக்கறதை விட ரொம்பத் தாங்கும்னு காட்டினார். பென்ஸ் கம்பெனியில பேலா பரேனினு ஒரு இன்ஜினியர், 1951ல காப்புரிமைக்குப் போட்டார், காரோட நடுப்பகுதி கெட்டியா நிக்கணும், முன்னும் பின்னும் நசுங்கறதுக்குன்னே செய்யணும்னு, அது 1959ல டபிள்யூ111 கார்ல ரோட்டுக்கு வந்துச்சு. அதே 1959ல தான் வால்வோவுல நில்ஸ் போலின் மூணு முனை பெல்ட்டைக் கொண்டு வந்தார். கெட்டியா இருக்க வேண்டியது கெட்டியா, நசுங்க வேண்டியது நசுங்கி, ஆளை பெல்ட்டு பிடிச்சு, மிச்சத்துக்கு மெத்தை. இன்னைக்கு வரைக்கும் இதுக்கு மேல பெருசா எதுவும் மாறல.

கார் வெச்சிருக்கறவங்களுக்கும் என் தொழில்லருந்து சில விஷயம் சொல்லியாகணும். சீட்டோட பக்கத்துல, கதவு ஓரமா எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு ஒரு சின்ன டேக் தச்சிருந்தா அந்த சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்குனு அர்த்தம். அது கம்பெனி தையலை அந்த எடத்துல கிழிச்சிட்டுத் தான் வெளிய வரும், அதுக்குன்னே அங்க நூல் பலமில்லாம போட்டிருப்பாங்க. அது மேல நாம கெட்டி ரெக்ஸின்ல டபுள் தையல் போட்டு இறுக்கிட்டா ஏர்பேக் வர வேண்டிய பக்கம் வராது, லேட்டா வரும், கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடியற விஷயத்துல லேட்டுன்னா இல்லைனு தான் அர்த்தம். அந்த மாதிரி சீட்டுக்கு அந்தப் பக்கம் தொறந்து விட்ட கவர் தான் போடணும். கஸ்டமர் அழகு கெட்டுடும்ங்கறாங்க. நான் அந்த டேக்கைத் தொட்டுக் காட்டி சொல்லுவேன், சொன்னா நெறைய பேர் கேட்டுக்கறாங்க.

டேஷ்போர்டு மேல சாமி வெக்கறது. மணக்குள விநாயகர் வெக்காத பாண்டிச்சேரி கார் உண்டா, வில்லியனூர் மாதா வெச்சிருக்கறவங்களும் இருக்காங்க, எனக்கும் பக்தி உண்டு. ஆனா பக்கத்து சீட்டுக்கு நேரா இருக்கற ஏர்பேக் மூடி மேல கல்லோ உலோகமோ ஒட்டி வெச்சா அது வெடிச்சு வரும்போது அந்த சிலை ஒக்காந்திருக்கறவங்க மூஞ்சிக்கு வரும். படமா சின்னதா நடுவுல ஒட்டிக்கலாம், கும்பிட்றதுக்கு எந்தக் குறையும் வராது. முன்னாடி மாட்ற புல் பார் கம்பியும் அப்டித்தான், வண்டி பலமா இருக்கும்னு மாட்றாங்க, அது நசுங்க வேண்டிய எடத்தை நசுங்க விடாம அடியை நேரா சட்டத்துல எறக்கும், ஏர்பேக் சென்சாரையும் குழப்பும், நடந்து போறவங்களைக் கொல்லும். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் இது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுக்கு விரோதம்னு எழுதிடுச்சு.

டிங்கரிங் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. இப்ப வர்ற கார்ல முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல நிக்கற பி பில்லரை நெறைய வண்டியில சூடாக்கி அழுத்தி செஞ்ச போரான் எஃகுல பண்றாங்க, சாதா பாடி ஷீட்டை விட நாலஞ்சு மடங்கு பலம். அடிபட்டு வந்த காரை கேஸ் வெச்சுப் பழுக்கக் காய்ச்சி நிமித்தினா பாக்க நேரா வந்துடும், பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, ஆனா அந்தப் பலம் போயிடும். கதவுக்கு உள்ள இருக்கற இரும்பு பீமும் அதே மாதிரி, வளைஞ்சா மாத்தணும். 2023 அக்டோபர்லருந்து நம்ம நாட்லயே பாரத் என்கேப்னு காரோட பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கறாங்க, 64 கிலோமீட்டர்ல முன்பக்கம் மோத விட்டு, 50ல பக்கவாட்டுல மோத விட்டு. அந்த ஸ்டார் கம்பெனியிலருந்து வந்த முழு வண்டிக்கு. பழைய கார் வாங்கறவங்க ஸ்டாரை மட்டும் பாக்காம, ரப்பர் பீடிங்கை உருவி பில்லர் ஓரத்துல வெல்டிங் புள்ளி எல்லாம் கம்பெனி மாதிரி ஒரே சீரா இருக்கான்னு பாருங்க.

வேன் பத்தித் திரும்ப வர்றேன், அது தான் எனக்கு முக்கியம். போன மாசம் கன்னியகோயில் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அவங்களே வேன் ஓட்றாங்க. "தம்பி, எங்கிட்ட எல்லா சீட்டையும் மாத்தறதுக்குப் பணம் இல்ல, எது மொதல்ல பண்ணணும்னு சொல்லு" அப்டினாங்க. இந்தக் கேள்வியை எல்லாரும் இப்டிக் கேட்டா எவ்ளோ நல்லா இருக்கும். நான் சொன்னேன், ஒக்கார்ற மெத்தை கிழிஞ்சிருந்தா கிழிஞ்சபடியே இருக்கட்டும்க்கா, அது யாரையும் சாகடிக்காது. மொதல்ல சீட்டுக் காலுக்கு அடியில ப்ளேட்டும் போல்ட்டும். ரெண்டாவது டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி இருக்கற அந்த வெறும் கம்பித் தடுப்பு, மொத வரிசைப் பிள்ளைங்க நேரா மோதறது அதுல தான், அதுக்கு தகடு அடிச்சு ரெண்டு லேயர் ஃபோம். அப்புறம் சீட்டு முதுகோட மேல் விளிம்பும் பின்பக்கமும். பிடிக்கற கம்பியை அறுத்து எடுத்துட்டு முதுகு ஓரத்துல கெட்டி நாடாவுல பிடி தச்சுக்கலாம், பிள்ளைங்க பிடிச்சுக்கும், பல்லும் ஒடையாது. தண்ணி பாட்டிலும் டிபன் பேக்கும் மாட்ற கொக்கி ஜன்னல் ஓரமா தலை மட்டத்துல இருந்துச்சு, அதையும் எடுத்தாச்சு. பெல்ட்டு மட்டும் நான் மாட்டித் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். பெல்ட்டோட பாரத்தைத் தாங்கற ஆங்கர் வண்டிச் சட்டத்துலயோ அதுக்குன்னே செஞ்ச சீட்டுலயோ இருக்கணும், நான் ப்ளைவுட்டுல முடுக்கித் தந்தா அது பேருக்குத் தான் இருக்கும். அதுக்கு கம்பெனி சர்வீஸ்ல கேட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்டயும் எஃப்சிக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்கன்னு சொன்னேன். கேட்டுட்டு வந்தாங்க, மொத ரெண்டு வரிசையை பெல்ட்டோட வர்ற ரெடிமேட் சீட்டா போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்களாம், அதுக்குப் பணம் சேக்க சீட்டுப் பணம் கட்டிட்டு இருக்காங்க.

பெத்தவங்க யாராவது நாளைக்குக் காலைல பிள்ளையை வேன்ல ஏத்தும்போது ஒரு நிமிஷம் எடுத்து முன்சீட்டோட பின்பக்கத்தைக் கட்டை வெரலால அமுக்குங்க, இரும்பு தட்டுதான்னு பாருங்க. சீட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க. மேட்டோட ஓரத்தைத் தூக்கி தரையைப் பாருங்க. வேன்காரர் தப்பா எடுத்துக்கிட்டா, நல்லபடியா பேசுங்க, அவங்களுக்கும் வருமானம் கம்மி தான், நாலு வீட்டுல சேர்ந்து செலவுல பங்கு குடுத்தா யாருக்கும் பாரமா இருக்காது. அந்த அக்கா வேனுக்கு அப்டித்தான் நடந்துச்சு. தடுப்புக்கான தகடு இன்னும் வெல்டிங்ல இருக்கு, வந்ததும் எப்டி வெட்டி எப்டி மடிச்சு ஒட்டினேன்னு அளவோட போட்டோ போடறேன், வேற ஊர்ல குஷன் வேலை பாக்கறவங்க அப்டியே பண்ணிக்கலாம், கேக்கவே வேண்டாம்.